எட்டுக் கண் படைத்த சிற்றுயிர்



நெற்பயிர் தூர்கட்டி நிற்கும் பருவம். நோயுற்றிருந்த மூதாட்டி ஒருவரைச் சந்தித்துவிட்டு முகையூரை ஒட்டிய வயல் வரப்பு வழியாக ஓர் இரவு திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த நிலத்துக்குரிய பெரியவர் எனக்குத் துணையாக வந்தார். அவருடைய பேரன், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், நெற்றியில் கட்டிய விளக்குடன் முன்னே நடந்தான்.

திடீரென்று அவன் நின்றான். "தாத்தா, வரப்பெல்லாம் பனித்துளி மாதிரி மின்னுது பாருங்க" என்றான்.

எங்கள் இருவர் கண்ணுக்கும் ஒன்றும் புலப்படவில்லை. "எங்கடா மின்னுது? தூக்கக் கலக்கமா?" என்று பெரியவர் கடிந்துகொண்டார். பையன் மறுமொழி பேசாமல் விளக்கைக் கழற்றி என் நெற்றியில் கட்டினான். அடுத்த கணமே நானும் கண்டேன். புல்லிடையிலும் ஈர மண்ணிலும் நெல்லின் அடித்தூரிலும் வெண்மையும் பசுமையும் கலந்த ஒளிப்புள்ளிகள் எண்ணற்றுச் சிதறிக் கிடந்தன. ஒன்றை நோக்கிக் குனிந்தேன். புள்ளி ஓடிற்று. அது ஓர் எட்டுக்கால் பூச்சி!

பெரியவர் பெருமூச்செறிந்தார். "சாமி, தூர்ல புகையான் தெரியுது. நாளைக்குக் காலையில மருந்து அடிக்கிறதா இருக்கேன். அடிச்சா இதுங்களும் சேர்ந்துதான் போகும்" என்றார்.

பேரனின் கவலையோ வேறாக இருந்தது. "சாமி, இதுக்கு எட்டுக் கண்ணாம். கண்ணெல்லாம் பரிணாமத்துல கொஞ்சங் கொஞ்சமா உண்டானதுன்னு விலங்கியல் பாடத்துல இருக்கு. கோயில்ல கடவுள் படைச்சார்னு சொல்றீங்க. நான் எதை எழுதுறது, எதை நம்புறது?" என்று கேட்டான். அவன் குரலில் குறும்பு இல்லை. உண்மையான கலக்கம் இருந்தது.

ஒருவருக்கு வயலைப் பற்றிய கேள்வி. மற்றவருக்கு விசுவாசத்தைப் பற்றிய கேள்வி. இரண்டுக்கும் விடை தேட, அந்தச் சிறு கண்களைச் சற்று ஊன்றிப் பார்ப்போம்.

விளக்குக்காரனுக்கு மட்டும் மின்னியது ஏன்?

பூனையின் கண்ணும் மாட்டின் கண்ணும் இருளில் ஒளிர்வதை நாம் அறிவோம். அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. உள்ளே நுழைந்த ஒளி விழித்திரையைக் கடந்ததும் அப்படலத்தில் பட்டுத் திரும்புகிறது. உணர்வு உயிரணுக்களுக்கு அதே ஒளியைப் பற்றிக்கொள்ள இரண்டாம் வாய்ப்புக் கிடைக்கிறது. மங்கிய ஒளியில் இரை தேடும் உயிர்களுக்கு இது பேருதவி. எஞ்சிய ஒளி வந்த வழியே திரும்பிச் செல்கிறது. ஆகையால் விளக்குக்கு அருகில் எவருடைய கண் இருக்கிறதோ அவருக்கே அந்த மின்னல் புலப்படும். பையன் கண்டதும் நாங்கள் காணாததும் இதனால்தான்.

வயலில் நாங்கள் கண்டவை ஓநாய்ச் சிலந்திகள். இவை வலை பின்னிக் காத்திருப்பதில்லை. தரையிலும் நீர்ப்பரப்பிலும் ஓடியே இரையைப் பிடிப்பவை. இவற்றின் முகத்தில் கண்கள் மூன்று வரிசையாக அமைந்துள்ளன. கீழே நான்கு சிறு கண்கள். அவற்றுக்கு மேலே இரண்டு பெரிய கண்கள். தலையின் பின்புறமாக இன்னும் இரண்டு. பெரிய கண்களே விளக்கொளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகின்றன.

இந்தக் கண்ணாடிப் படலம் மிகத் தொன்மையானது. கொரியா நாட்டின் ஜின்ஜு பாறைப் படிவுகளில் கிடைத்த சிலந்திப் புதைபடிவங்களைப் பற்றி 2019-ஆம் ஆண்டில் அறிஞர்கள் எழுதினார்கள். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அச்சிலந்திகளின் கண்ணிருந்த இடத்தில், ஒளியைத் திருப்பும் படலம் அழியாமல் கல்லிலேயே பதிந்திருந்தது. மனிதன் தோன்றுவதற்கு எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன்பே சிலந்தியின் கண் இரவில் மின்னியிருக்கிறது.

கண் வரிசையைக் கொண்டு சிலந்தியின் குடும்பத்தை அடையாளம் காண்பது அறிஞர்களின் வழக்கம். எழும்பூரிலுள்ள சென்னை அருங்காட்சியகத்தில் 1920 முதல் 1940 வரை கண்காணிப்பாளராக விளங்கிய எஃப். எச். கிரேவ்லி என்னும் ஆங்கிலேயர், இந்திய ஓநாய்ச் சிலந்திகளைப் பற்றி 1924-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். கொச்சி தேவராவில் துறவற சபையினர் நடத்தும் திரு இருதயக் கல்லூரியிலும் சிலந்தி ஆய்வுக்கென்று ஒரு பிரிவு உண்டு, அதைச் சேர்ந்த பி. ஏ. செபஸ்தியான், கே. வி. பீட்டருடன் இணைந்து இந்தியச் சிலந்திகளைப் பற்றிய பெருநூல் ஒன்றை 2009-இல் தந்தார். உலகில் பெயரிடப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022-இல் 50,000-ஐ எட்டியது. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் கண்கள் எட்டு. ஆறு, நான்கு, இரண்டு கண்களோடு வாழ்பவையும் உண்டு. கண்ணே இல்லாதவையும் உண்டு.

இரு குலத்துக் கண்கள்

ஈக்கும் தட்டாரப்பூச்சிக்கும் இருப்பது கூட்டுக்கண். ஆயிரக்கணக்கான சிறு கண்ணறைகள் நெருங்கிச் சேர்ந்த அமைப்பு அது. சிலந்தியின் கண் அப்படிப்பட்டதன்று. நம் கண்ணைப் போலவே ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வில்லையும் அதன் பின்னே ஒரு விழித்திரையும் உண்டு.

ஆனால் எட்டும் ஒரே இனத்தவை என்று எண்ணிவிடலாகாது. முன்வரிசையின் நடுவிலுள்ள இரண்டும் முதன்மைக் கண்கள். எஞ்சிய மூன்று இணைகளும் துணைக் கண்கள். முதன்மைக் கண்களில் ஒளியை உணரும் முனைகள் ஒளி வரும் திசையை நோக்கியிருக்கின்றன. கண்ணாடிப் படலம் அவற்றில் கிடையாது. விழித்திரையைத் தசைகள் அசைக்கவும் முடியும். துணைக் கண்களின் விழித்திரை அசைவதில்லை. பல சிலந்திகளில் கண்ணாடிப் படலம் அமைந்திருப்பது இவற்றில்தான்.

இவ்வேற்றுமைக்குக் காரணம் என்ன? ஒடிசா, வங்கக் கடற்கரைகளில் லாட நண்டு என்னும் ஓர் உயிர் வாழ்கிறது. பெயரளவில்தான் அது நண்டு. உறவுமுறையில் சிலந்திக்கும் தேளுக்கும் நெருங்கியது. அதன் ஓட்டின் இருபுறமும் பெரிய கூட்டுக்கண்கள் உள்ளன. நடுவில் சிறிய எளிய கண்கள் உள்ளன. நம் வீட்டுக் கூரையிலிருந்து விழும் தேளுக்கோ முதுகின் நடுவில் இரண்டு கண்கள். முன்புறத்தின் இரு ஓரங்களிலும் சில சிறு கண்கள். இவற்றை ஒப்பிட்ட அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பண்டைய மூதாதையின் பக்கவாட்டுக் கூட்டுக்கண்களே காலப்போக்கில் குறைந்து, பிரிந்து, சிலந்தியின் மூன்று இணைத் துணைக் கண்களாயின. நடுவிலிருந்த எளிய கண்களே முதன்மைக் கண்களாக வளர்ந்தன. தட்டாரப்பூச்சியின் உச்சந்தலையில் மூன்று சிறு கண்கள் பொட்டுப்போல் இருக்கும். சிலந்தியின் முதன்மைக் கண்கள் அவற்றுக்கே உறவு.

தாய்வழிச் சொத்தும் தந்தைவழிச் சொத்தும் ஒரே வீட்டில் வந்து சேர்வதுபோல, இரு குலத்துக் கண்கள் ஒரே முகத்தில் சேர்ந்திருக்கின்றன. ஆறு கண் சிலந்திகளைப் பார்த்தால் இது மேலும் விளங்கும். வீட்டுச் சுவரில் மெதுவாக நடந்து, இரையின்மேல் பசையை உமிழ்ந்து கட்டிப்போடும் உமிழ்சிலந்திக்கு ஆறு கண்களே. அது இழந்திருப்பது முதன்மை இணையை.

முட்டைக்குள் கண் பிறக்கும் விதம்

ஓநாய்ச் சிலந்தியின் தாய் தன் முட்டைகளைப் பட்டு உருண்டைக்குள் பொதிந்து உடலின் பின்முனையில் ஒட்டிக்கொண்டு திரியும். குஞ்சுகள் வெளிவந்ததும் சில நாள் அவற்றை முதுகில் சுமக்கும். அந்த உருண்டைக்குள்தான் கண்கள் உருவாகின்றன. கருவின் தலைப்பகுதியில் மேல்தோல் ஆங்காங்கே தடிக்கிறது. தடித்த இடம் உட்குழிகிறது. அதன் அடியிலிருந்து விழித்திரை உருவாகிறது. மேலே படரும் ஓடு தெளிந்து வில்லையாகிறது. முதன்மைக் கண்களும் துணைக் கண்களும் தலையில் வெவ்வேறு இடங்களில் தொடங்கிப் பிறகே தத்தம் இருப்பிடத்தை அடைகின்றன. வில்லை மேலோட்டின் பகுதியாகையால் சிலந்தி தோலுரிக்கும் போதெல்லாம் அதுவும் புதிதாகிறது.

இந்த வேலைக்குக் கட்டளையிடுவது யார்? மரபணுக்கள். பட்டாணிச் செடிகளை வைத்து மரபின் விதிகளை முதன்முதலில் கண்டறிந்தவர் அகுஸ்தீன் சபைத் துறவியான மெண்டல் என்பதை நினைவில் கொள்வோம். பழ ஈயில் கண்டறியப்பட்ட ஒரு மரபணுவுக்குச் 'சீனே ஓக்குலிஸ்' என்று பெயர். குருமடத்தில் இலத்தீன் பயின்ற எனக்கு அப்பெயரைப் படித்தபோது புன்னகை வந்தது. 'கண்களின்றி' என்பது அதன் பொருள். அது பழுதானால் ஈ கண்ணின்றிப் பிறக்கும். ஆகவே இல்லாமையைக் கொண்டு பெயர் சூட்டிவிட்டார்கள்!

இதே மரபணு சிலந்தியிலும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக அறிஞர்கள் வீட்டுச் சிலந்தி ஒன்றில் அதன் செயலை அடக்கிப் பார்த்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். முதன்மைக் கண்கள், துணைக் கண்கள் ஆகிய இருவகையும் பாதிக்கப்பட்டன. சில குஞ்சுகளில் கண்கள் குன்றியோ மறைந்தோ போயின. இரு குலத்துக் கண்களானாலும் அடித்தளத்தில் ஒரே கட்டளை வேலை செய்கிறது. அதன்மேல் வேறு மரபணுக்கள் வேறு வேறு விதமாகச் சேரும்போது வகைகள் பிரிகின்றன. சிலந்திக்கும் தேளுக்கும் பொதுவான மூதாதை ஒன்றில் மரபணுத் தொகுதி முழுவதுமே ஒருமுறை இரட்டித்தது என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு படி பழைய வேலையைக் காக்க, மற்றொரு படி புதிய வேலையைக் கற்க, அங்கே இடம் உண்டாயிற்று. 'சீனே ஓக்குலிஸ்' குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் தாயின் வயிற்றில் மனிதக் கண் உருவாகும்போதும் பணியாற்றுகின்றன என்பது நம்மை வியக்க வைக்கும்.

சுவரில் ஓர் ஈப்புலி

சாம்பல் நிறமும் குறுகிய கால்களும் கொண்டு, பகல் வேளையில் சுவரில் ஈயைத் துரத்தித் தாவும் சிலந்தியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பெரியவர்கள் அதை ஈப்புலி என்பார்கள். நாம் விரலை அசைத்தால் அது ஓடாமல் திரும்பி நம்மை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்குக் காரணம் முகத்தின் நடுவே முகப்பு விளக்குப்போல் நிற்கும் இரு பெரிய முதன்மைக் கண்கள்.

அவை தொலைநோக்கிக் குழாயை ஒத்தவை. முன்னே வில்லை, நீண்ட குழாய், அதன் கடைசியில் நான்கு அடுக்குள்ள குறுகிய விழித்திரை. ஒரே நேரத்தில் அது காணும் பரப்பு மிகச் சிறிது. ஆகவே ஒவ்வொரு குழாயையும் ஆறு தசைகள் பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைத்து, பொருளைத் துண்டு துண்டாகத் தடவிப் பார்க்கின்றன. எங்கே பார்ப்பது என்பதைச் சொல்வது யார்? பக்கத்திலுள்ள துணைக் கண்கள். ஏதேனும் அசைந்தால் அவை முதலில் உணர்கின்றன. உடனே முதன்மைக் கண்கள் அங்கே திரும்புகின்றன. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் சிலந்தியின் விழித்திரை அசைவைப் படம்பிடித்து 2018-இல் இதை உறுதிசெய்தார்கள்.

தாவ வேண்டுமானால் தூரம் தெரிய வேண்டுமே! ஜப்பானிய அறிஞர்கள் அதற்கும் 2012-இல் விளக்கம் கண்டார்கள். விழித்திரையின் ஆழத்திலுள்ள இரண்டு அடுக்குகளும் பச்சை ஒளியை உணர்பவை. ஓர் அடுக்கில் உருவம் தெளிவாக விழும்போது மற்றதில் கலங்கலாக விழுகிறது. கலங்கலின் அளவைக் கொண்டே ஈப்புலி தூரத்தைக் கணிக்கிறது. சிவப்பு ஒளி மட்டும் உள்ள அறையில் விட்டபோது அது இரையை எட்டாமல் முன்னரே விழுந்தது.

இத்தகைய கண் குஞ்சுக்கு எப்படி அமையும்? கடுகளவு உடம்பில் எவ்வளவு இடம் இருக்கும்? சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தார் 2019-இல் சொன்ன விடை வியப்பானது. குஞ்சின் கண்ணில் ஒளியுணர் உயிரணுக்களின் எண்ணிக்கை வளர்ந்த சிலந்திக்குரிய அளவே இருக்கிறது. பின்னர் எண்ணிக்கை கூடுவதில்லை. உயிரணுக்கள் பருக்கின்றன, கண் பெரிதாகிறது. ஆகவே குஞ்சு தாயைப் போலவே நுட்பமாகப் பார்க்கிறது. ஆயினும் அதற்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். போதிய உணவு பெறாத சிலந்திகளின் கண்ணில் அந்த உயிரணுக்கள் அழியத் தொடங்குகின்றன என்பதையும் அதே பல்கலைக்கழகம் பின்னர்க் கண்டது. கீரையையும் பப்பாளியையும் தட்டில் ஒதுக்கிவைக்கும் பிள்ளைகளுக்கு இதைப் பெற்றோர் எடுத்துச் சொல்லலாம்.

ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியலா ரோஸ்லர் என்னும் ஆய்வாளர் உறங்கும் ஈப்புலிக் குஞ்சுகளை இரவெல்லாம் கண்காணித்தார். குஞ்சுகளின் மேல்தோல் சில நாள் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக இருப்பதால் உள்ளே கண் குழாய்கள் அசைவது தெரியும். நாம் கனவு காணும்போது நம் கண்கள் அசைவதுபோல அவற்றின் கண்குழாய்களும் உறக்கத்தில் இடைவிட்டு இடைவிட்டு அசைந்தன. இதை 2022-இல் அவர் வெளியிட்டார். அவை கனவு காண்கின்றனவா என்பதற்கு இன்னும் விடை இல்லை.

வாழ்வுக்கேற்ற கண்

ஈப்புலியில் பெரிதானவை முதன்மைக் கண்கள். ஓநாய்ச் சிலந்தியில் பெரிதானவை துணைக் கண்கள். வலைவீசிச் சிலந்தி என்றொரு குடும்பம் உண்டு. நம் நாட்டுக் காடுகளிலும் அது வாழ்கிறது. முன்கால்களுக்கிடையே சிறு வலையை விரித்துப் பிடித்து, கீழே நடந்து செல்லும் பூச்சியின்மேல் வீசும். அதற்கும் துணைக் கண்களில் ஓர் இணையே பூதாகரமாகப் பருத்திருக்கிறது. இரவுக்கு வேண்டிய ஒளியுணர் படலத்தை மாலைதோறும் கட்டி, விடிந்ததும் கலைத்துவிடுவது இதன் சிறப்பு. ஆஸ்திரேலியாவில் பிளெஸ்ட் என்னும் அறிஞர் 1978-இல் இதை வெளிப்படுத்தினார். பின்னர் 2016-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் அந்தப் பெரிய கண்களை மூடிப் பார்த்தபோது, நடக்கும் இரையை அது பிடிக்க இயலாமல் திணறிற்று. பறக்கும் பூச்சியை மட்டும் முன்போலவே பிடித்தது. முன்னதற்குக் கண்; பின்னதற்கு வேறு புலன்.

மரப்பொந்தில் வாழும் பெருஞ்சிலந்திகளோ தொட்டும் அதிர்வை உணர்ந்தும் வாழ்பவை. இராமேசுவரத்தில் அனுமவிலாசம் கோயில் தோப்பிலிருந்து கண்டறிந்து 2004-இல் பெயரிடப்பட்ட சிலந்தி அந்த இனத்தது. உள்ளங்கையளவு விரியும் இக்குடும்பத்தாருக்குத் தலைமேல் ஒரு சிறு மேட்டில் எட்டுக் கண்களும் கடுகு போல் நெருங்கிக் கிடக்கின்றன. உடல் பெரிது, பார்வை குறைவு.

இறுதியாக, இழப்பின் கதை. ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்னும் தீவின் எரிமலைக் குகைகளில் ஓர் ஓநாய்ச் சிலந்தி வாழ்கிறது. நம் வரப்பில் மின்னியதன் உறவினர். ஆனால் அதற்குக் கண்ணே இல்லை. 1973-இல் அதற்குப் பெயரிட்டார்கள். ஒளி நுழையாத குகையில் கண் குறைவாகப் பிறந்த குஞ்சுக்கு யாதொரு நட்டமும் இல்லை. கண்ணைக் கட்டிக் காக்கும் செலவும் மிச்சம். தலைமுறை தலைமுறையாக அந்தக் குறை தங்கித் தங்கிக் கண் மறைந்தது. வெளியே வயலில் அப்படிப் பிறந்த குஞ்சு இரை கிடைக்காமலோ பகைக்கு இரையாகியோ மடிந்துவிடும். குறையும் அதோடு போய்விடும். சிறு மாற்றங்களை வாழ்க்கை சலித்தெடுக்கும் இந்த முறைக்கே இயற்கைத் தேர்வு என்று பெயர்.

பேரனுக்குச் சொன்னது

டார்வின் 1859-இல் எழுதிய நூலில் கண்ணைப் பற்றித் தாமே ஓர் ஐயத்தை எழுப்பிக்கொண்டார். இத்தனை நுட்பமான உறுப்பு சிறு சிறு மாற்றங்களால் அமையக்கூடுமா என்று கேட்டு, எளிய கண் தொடங்கி நுட்பமான கண் வரை படிகள் இருந்து, ஒவ்வொரு படியும் அந்தந்த உயிருக்குப் பயன்பட்டிருந்தால் அமையும் என்று விடை சொன்னார். சிலந்திக் குலத்தில் அத்தகைய வேறுபாடுகளை நாம் கண்முன்னே காண்கிறோம்.

"தம்பி, பரிணாமத்தைப் பாடத்தில் உள்ளபடியே எழுது, அது பொய்யன்று" என்று பையனிடம் சொன்னேன். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல் விடுத்த சுற்றுமடலில், ஆன்மா இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுவது என்பதை வலியுறுத்தியதோடு, மனித உடலின் தோற்றம் பற்றிய பரிணாம ஆய்வை அறிஞர்கள் மேற்கொள்ளத் தடையில்லை என்றும் கூறினார். பரிணாமம் வெறும் கருதுகோள் என்னும் நிலையைக் கடந்துவிட்டது என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1996 அக்டோபர் 22-இல் அறிவியற் கழகத்தாருக்கு எழுதினார்.

"உன் மூக்கு உன் தாத்தாவின் மூக்கு. அது எந்த மரபணு வழியாக வந்தது என்பதை விலங்கியல் சொல்லும். அதனால் நீ கடவுள் தந்த பிள்ளை இல்லை என்று உன் அம்மா சொல்வாளா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "வழியை அறிவதால் தந்தவர் இல்லாமற்போவதில்லை. நீ கேட்பதை மட்டும் நிறுத்தாதே" என்றேன்.

பெரியவருக்குச் சொன்னது

புகையான் நெல்லின் இலையுறைக்குள் முட்டையிடுகிறது. கண்டபடி மருந்தடித்தால் வெளியிலிருக்கும் சிலந்தி மடியும். உறைக்குள்ளிருக்கும் முட்டை தப்பும். சில நாளில் குஞ்சுகள் பொரித்து வரும்போது தின்பதற்கு ஆள் இருக்காது. முன்னிலும் பெருகும். இந்தோனேசியா இந்தப் பாடத்தை வயல் வயலாக இழந்து கற்றது. 1986-இல் அந்நாட்டு அரசு 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தக் கூடாதென்று தடைசெய்தது.

நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலும் சிலந்திக்குக் கணக்கு உண்டு. சிலந்தி இல்லாத வயலில் தூர் ஒன்றுக்கு ஒரு புகையான் என்பது மருந்துக்கான எல்லை. நாற்றுக் குத்து ஒன்றுக்கு ஒரு சிலந்தி இருந்தால் அந்த எல்லை தூருக்கு இரண்டு புகையான். ஓடியாடி வேட்டையாடும் அந்தச் சிலந்தி, கண்ணாலும் காலில் படும் அதிர்வாலும் புகையானைக் கண்டு பிடித்து நமக்காகப் பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

இதைச் சொன்னதும் பெரியவர் உடனே ஒப்பவில்லை. "கணக்கு சரிதான் சாமி. கடன் வாங்கிப் போட்ட பயிராச்சே" என்றார். அவருடைய அச்சத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. மறுநாள் காலை பையன் காகிதமும் பென்சிலுமாக வயலில் இறங்கிப் பல இடங்களில் குத்துகளைப் பிரித்துப் பார்த்தான். தூருக்கு ஒன்றுக்குச் சற்று மேல் புகையான். ஏறத்தாழ எல்லாக் குத்திலும் சிலந்தி. வேளாண்மை அலுவலரையும் கேட்டுக்கொண்டார்கள். பெரியவர் வயல் நீரை வடித்துவிட்டு, மருந்துக் குப்பியைத் திண்ணை மூலையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஒரு மூலையில் சிறு வட்டம் காய்ந்தது. மற்றப் பயிர் தேறிற்று. எல்லா வயலுக்கும் இதுவே நேரும் என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணிப் பார்த்தபின் முடிவெடுங்கள் என்பதே என் வேண்டுகோள். குப்பி இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது. அவ்வழியே போகும்போதெல்லாம் பெரியவர் அதைக் காட்டிச் சிரிக்கிறார்.

வாசகர்களே, நிலவில்லாத இரவில் ஒரு விளக்கை உங்கள் கண்ணருகே பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அடியெடுத்து வைக்குமுன் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பனித்துளி போல் மின்னுபவை உங்கள் வயலுக்கு இராக்காவல் இருப்பவரின் கண்கள்.